ஐம்பத்தெட்டாம் கிளை

ஒன்று, தேரிவிளை. கூப்பிட்டுவிட்டு மைக்கை விட்டு நாலு விரற்கடை பின்னால் போனேன். கூப்பிடும்போது முன்னால், கேட்கும்போது பின்னால், ஆறு வருஷப் பழக்கம், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. முன் வரிசையில் தேரிவிளைக்காரர்கள் அறுபது பேர் ஒன்றாக எழுந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் அறுபதும் சேர்ந்து கிறீச்சிட்டன, முதலில் வந்தோம், இன்னும் இருக்கிறோம் என்று கத்தினார்கள். முதலில் வந்தோம், இன்னும் இருக்கிறோம் என்று நான் மைக்கில் திருப்பிச் சொன்னேன். என் குரலில் வரும்போதுதான் அந்தப் பதிலுக்கே ஒரு நிமிர்வு வருகிறது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, குரல் ஆண்டவர் கொடுத்தது, மற்றபடி நான் எல்லாவற்றிலும் சுமார்தான். பதிவேட்டில் பதிலை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'கேட்டேன்' என்று எழுதி, கீழே எ.ஞா. என்று சுழித்தேன். எட்வின் ஞானதுரை. வாலிபர் ஐக்கியத்தின் வருடாந்திரக் கூடுகை, மூன்றாம் நாள், காலை பதினொரு மணி, பேர் அழைப்பு. எழுபத்தொரு கிளை, தொடங்கிய வருஷ வரிசைப்படி. ஒவ்வொரு கிளையும் எழுந்து நின்று ஐந்து வார்த்தைக்கு மேல் போகாமல் தன் பதிலைச் சொல்லும், அழைக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லி, எழுதி, கேட்டேன் என்று சாட்சி வைக்கவேண்டும். இதுதான் எங்கள் வழக்கம், எங்கள் பெருமை. பாட்டுப் போட்டியில் ஜெயித்தவன் பெயர் அடுத்த வருஷம் மறந்துபோகும், பதிவேட்டில் ஏறிய பதில் போகாது. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பதில் சொல்லாத கிளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதுவும் எங்கள் வழக்கம்தான். இரண்டு, உப்பூரணி. உப்பு இன்னும் கரையவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற பிள்ளைகள், கறுத்து மின்னும் முகங்கள், குரலும் கரகரப்பாக இருக்கும். உப்பு இன்னும் கரையவில்லை. கேட்டேன். எ.ஞா. மூன்று. இப்படியே ஐம்பத்தேழு வரைக்கும் போய்விடலாம், ஒரு பயமும் இல்லை. அதற்கப்புறம் ஐம்பத்தெட்டு. சாந்திபுரம். என் தங்கை எப்சிபாவின் கிளை. போன வருஷம் அந்தக் கட்டத்தில் 'பதில் இல்லை' என்று எழுதியவன் நான்தான்.

அன்றைக்கு இருபத்துநாலு பேர் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, பின்பக்கம் சமையல் பந்தலில் யாரோ அண்டாவை இழுக்கும் சத்தம் கேட்டது, சாந்திபுரத்தின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் கிளை, அவர்கள் கையால்தான் பேசுவார்கள், பதிலையும் கையால்தான் சொன்னார்கள். இரண்டு விநாடி பொறுத்தேன். பதில் இல்லை என்று மைக்கில் சொன்னேன், என்ன அழகாகச் சொன்னேன், வருத்தம் தோய்த்து, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. எழுதினேன். ஐம்பத்தொன்பது என்று கூப்பிட்டேன். தங்கைக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியாதா? அவளுக்கு இரண்டு வயதானபோது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தது யார், ஒன்பது வயதுப் பையன் நான்தான், அவள் திரும்பவில்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் நான்தான். இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் ஒரே குழம்பு சாப்பிடுகிறவனுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. தலையைத் தூக்கினால் வரிசை தப்பிவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தேன். நாலு, கல்லடியூர். நாங்கள் கொஞ்சம், நம்பிக்கை நிறைய. கேட்டேன். கல்லடியூர் பையன் ஒருவன் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டான், பரவாயில்லை, நான் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எல்லாக் கிளையும் ஒரு வாரத்துக்கு முன்பே பதிலை எழுதி அனுப்பிவிடும், என் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன், பாதிக் காதால் கேட்டால் போதும். சாந்திபுரத்தின் தாள் மட்டும் அடியில் இருக்கிறது. பதில் என்ற இடத்தில் எப்சிபாவின் உருண்டை எழுத்தில் இரண்டே வார்த்தை. நேரில் பார்க்கவும்.

ஐந்து, ஆறு, ஏழு. குரல் தானாக ஓடுகிறது, நல்ல மாட்டு வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீட்டுக்குப் போய்ச் சேருகிற மாதிரி. எட்டு, கடம்பனோடை. வெள்ளத்திலும் மணி அடித்தோம். பந்தல் முழுக்கக் கை தட்டியது, தட்டாமல் இருக்க முடியுமா, போன ஐப்பசியில் குளம் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தபோது அந்தப் பிள்ளைகள் கோயில் மணியை விடாமல் அடித்து ஊரை எழுப்பி, வாழைத்தண்டுகளைக் கட்டித் தெப்பமாக்கி நாற்பது பேரைக் கொண்டுவந்து மேட்டில் சேர்த்தார்கள். எல்லா மதத்துக்காரர்களையும்தான், மணி எல்லாருக்கும்தானே கேட்கும். எல்லாருக்குமா? பார், இப்படித்தான் மாட்டிக்கொள்கிறேன், முன்பெல்லாம் இந்த மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால் அப்படியே போய்விடும், இப்போது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. இந்த வருஷம் முழுக்க இப்படித்தான். செல்போனில் பேசுகிறவனைக் கண்டால், பஸ்ஸில் கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் டிக்கெட் என்று கத்தினால், கல்யாண வீட்டில் மைக்கில் சாப்பிடக் கூப்பிட்டால், இதை எப்சிபா எப்படித் தெரிந்துகொள்வாள் என்று மனம் கேட்கிறது. இத்தனை வருஷம் எப்படித் தெரிந்துகொண்டாள்? எங்கள் முகத்தைப் பார்த்து. எல்லாரும் எழுந்தால் எழுந்து, எல்லாரும் சிரித்தால் எதற்கென்று தெரியாமல் சிரித்து. வீட்டில் அம்மா எத்தனையோ முறை சொன்னாள், "ஏல, அவ மூஞ்சியப் பாத்துப் பேசுல. தாளப் பாத்துக்கிட்டே பேசுனா அவளுக்கு என்ன தெரியும்." நான் சரி சரி என்று தலையாட்டினேன். ஒன்பது. தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றுக்கும் காரணம், இதை நான் எங்கள் பொதுச் செயலாளர் பாக்கியசிங் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் கூடுகைக்கு வரும்போது பஸ்ஸில் எப்சிபா என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ விறுவிறு என்று கையால் சொன்னாள். விரலால் தன்னைக் காட்டினாள், வட்டமாகச் சுற்றினாள், என் வாயைக் காட்டி வேண்டாம் என்றாள், தன் கையைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எங்களுக்குள் ஒரு முப்பது சைகை இருந்தது, சாப்பிட்டாயா, அம்மா கூப்பிடுகிறாள், மழை வருகிறது, தலை வலிக்கிறதா, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, மீதியை அவள்தான் என் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அவள் சொல்லி முடித்ததும் புரிந்தது என்று தலையாட்டினேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது இதுதான்: பத்து வருஷமாக டீச்சர்தான் எங்களுக்காக வாயால் பதில் சொன்னார், இந்த வருஷம் நான் செயலாளர், நாங்களே கையால் சொல்லப்போகிறோம், நீ நிமிர்ந்து பார். அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். நான் சரி என்றும் சொல்லிவிட்டேன். அப்புறம் மேடையில் ஏறி, சத்தம் கேட்கவில்லை என்று, பதில் இல்லை என்று, கடைசி எழுத்தை இழுத்து. பதினொன்று, பனைவிளை. சொந்த ஊர்க்காரர்கள், நான் பதினாலு வயதில் சேர்ந்த கிளை, என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறான் ஒருவன், மரியாதை கெட்ட பயல். நிமிர்ந்தே வளர்ந்தோம். கேட்டேன். பதினொரு நாள் எப்சிபா என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு சுலபம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள், சுலபமில்லை, கண்ணை எடுத்துக்கொள்ளவேண்டும். சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்கார்ந்து பதினொரு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது கதவைச் சாத்துவது மாதிரி.

பதினேழு, ரயில்வே காலனி. சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம். பந்தல் சிரித்தது, நேற்று முன்தினம் தொடக்க ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போதுதான் வந்து இறங்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னேன். சிரிக்கும்போதும் குரல் பிசகவில்லை. பாக்கியசிங் அண்ணன் எனக்குப் பின்னால் பேராயருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பது தெரிகிறது. நல்ல மனிதர், இந்தப் பந்தலுக்குக் கம்பு நட்டதிலிருந்து பிரியாணிக்கு ஆடு பிடித்தது வரை அவர் கால்படாத இடமில்லை. பன்னிரண்டாம் நாள் நான் அவரிடம் போனேன். பதிவேட்டைத் திருத்தவேண்டும் அண்ணே, அவங்க பதில் சொன்னாங்க, நான்தான் பாக்கல என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, பதிவேட்டுல கைய வைக்க முடியாது பாத்துக்க. பேராயர் கையெழுத்து விழுந்தாச்சு. ஒனக்காவ ஒரு கட்டத்தத் திருத்துனா நாளைக்கு எழுபது கட்டத்துக்கும் ஆள் வருவான்." அப்படியானால் அவங்க கிளை என்றேன். "அடுத்த வருஷம் ஒழுங்கா பதில் சொல்லட்டும். வாய் பேசுத ஆள் ஒண்ணக் கூட நிறுத்திக்கிட்டா சோலி முடிஞ்சுது. பழையபடி அந்த டீச்சரம்மாவ நிக்கச் சொல்லு." நல்ல மனிதர்தான், சுலபமான வழியைத்தான் சொன்னார், எனக்கும் சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து எப்சிபாவிடம் சொன்னேன், முகத்தைப் பார்த்து, நிதானமாக, உதடு தெரியும்படி. அவள் முழுக்கப் பார்த்துவிட்டு போனை எடுத்துத் தட்டி என் பக்கம் நீட்டினாள். "உன் பதிலை இன்னொருவர் சொன்னால் நீ கேட்டேன் என்று எழுதுவாயா?"

அவள் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறாள், சபைப் பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், பள்ளிக்கூட மலர் எல்லாம் அவள் கையால் போகும், எழுத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. பதிவேட்டைத் திருத்தமாட்டார்களாம் என்று நான் சொன்னதற்கு அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அச்சானதை அழிக்க முடியாது, அது சரிதான்" என்று தட்டினாள். "எங்களிடமும் அப்படித்தான். தப்பு வந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுவோம்." எனக்கு அப்போது அது ஆறுதலாகத்தான் பட்டது, தங்கச்சி சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சமாதானமா, எப்சிபாவா? அடுத்ததாக அவள் தட்டியது இன்னும் என் போனில் இருக்கிறது. "அடுத்த வருஷமும் நாங்கள் கையால்தான் சொல்வோம். என்ன சொல்லப்போகிறோம் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். நீ பார். புரிந்தால் திருப்பிச் சொல்லி எழுது. புரியாவிட்டால் பதில் இல்லை என்றே எழுது. தங்கைக்காகப் பொய்யாகக் கேட்டேன் என்று எழுதினால் நானே மேடையேறி அடித்துவிடுவேன்." பெயரை அடிப்பாளா, என்னை அடிப்பாளா என்று நான் கேட்கவில்லை. சத்தியம் செய் என்று கையை நீட்டினாள். செய்தேன். இருபத்துநாலு பேருடைய கிளை என் கண்ணில் தொங்குகிறது, மேசையில் கிடக்கிற அந்த இரண்டு வார்த்தையை நம்பி. இருபத்துமூன்று, மிஷன் ஆஸ்பத்திரிக் கிளை. விழித்திருக்கிறோம். நர்ஸ் பிள்ளைகள், பாதிப்பேர் ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்தவர்கள், கண் சிவந்திருக்கிறது, குரல் மட்டும் கணீரென்று. விழித்திருக்கிறோம். கேட்டேன். ஒற்றை வார்த்தைப் பதில், எவ்வளவு சுகம், எப்சிபாவும் ஒற்றை வார்த்தையில் முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முடிக்கமாட்டாள். ஐந்து வார்த்தைக்கு அனுமதி இருந்தால் ஐந்தையும் எடுத்துக்கொள்கிற பெண்.

அதனால் நான் சனிக்கிழமை சனிக்கிழமை சாந்திபுரம் போனேன். வாசலில் பெரிய வேப்பமரம், அதைத் தாண்டி விடுதி, அங்கே பிள்ளைகளின் வீட்டாருக்கு மாலை வகுப்பு. பன்னிரண்டு அம்மாக்கள், நடுவில் முப்பத்துமூன்று வயதுத் தடியன் நான் ஒருவன். என் விரல்கள் தடிமன், சொன்ன பேச்சுக் கேட்காது, குரலுக்குக் கொடுத்ததில் கொஞ்சம் விரலுக்குக் கொடுத்திருக்கலாம். முதல் நாளே கிளைப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். மூன்று பேர் எழுந்து ஓடிப்போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வந்தார்கள், எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். எப்சிபா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு அங்கே ஒரு பெயர் இருப்பதும் தெரிந்தது. எல்லாருக்கும் அவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள், கையால் போடுகிற பெயர், எப்சிபாவுக்குக் கன்னத்து மச்சத்தைத் தொட்டுவிட்டு விரலைச் சுண்டுவது. எனக்கு, உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் தாள் மாதிரிப் பிடித்துத் தலையைக் குனிவது. தாள் பார்க்கிறவன். இரண்டாயிரம் பேர் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரனுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவள் தட்டினாள், "பெயரை நாமே வைத்துக்கொள்ள முடியாது அண்ணா." முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நாற்பத்தெட்டு சனிக்கிழமை. இரண்டு முறைதான் போகவில்லை, ஒன்று காய்ச்சல், ஒன்று மாமா பையன் கல்யாணம். வேப்பமரத்தை ஆட்டுகிற மாதிரி முழங்கையை நிறுத்தி விரலை அசைத்தால் சாந்திபுரம். நட்சத்திரத்தைத் தலைக்குமேல் தொங்கவிடுகிற மாதிரிக் காட்டினால் வருஷம், விடுதியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதை வைத்து அவர்களாக உண்டாக்கியது. நிதானமாகக் காட்டினால் எனக்குத் தெரியும். அவர்களுக்குள் பேசும்போது காட்டுகிற வேகத்தில் பாதிதான் தெரியும். பாதி தெரிகிறவன் என்ன செய்வான், தலையாட்டுவான்.

நாற்பத்துநாலு, மேலக்கரை. எங்கேயும் நாற்காலி கிறீச்சிடவில்லை. தாளில் குனிந்திருந்தவன் சட்டென்று நிமிர்ந்தேன், கடைசிக்கு முந்திய வரிசையில் ஒரே ஒரு பெண் எழுந்து நிற்கிறாள், சிவப்பு ரிப்பன், கையில் கிளைக்கொடி, மற்றவர்கள் எல்லாரும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று தாளில் எழுதியிருந்தது. ஒருத்திதான், ஆனாலும் வந்தேன். குரல் நடுங்கியது. பந்தலில் யார் முதலில் எழுந்தார்களோ தெரியாது, வரிசை வரிசையாக எழுந்துவிட்டார்கள், பேராயரும் எழுந்துவிட்டார், இரண்டாயிரம் பேரும் அந்த ஒருத்திக்காக நிற்கிறார்கள். இதற்காகத்தான் நான் இந்த ஐக்கியத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆயிரம் குறை சொல்லட்டும், கமிட்டியில் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள், கூடுகை முடிந்து தட்டுக் கழுவ ஆளில்லாமல் ஓடிவிடுகிறார்கள், எல்லாம் உண்மை, ஆனால் ஒருத்தி வந்தால் இரண்டாயிரம் பேர் எழுந்து நிற்கிற கூட்டம் இது. ஒருத்திதான், ஆனாலும் வந்தேன் என்று நான் திருப்பிச் சொன்னபோது என் குரலும் கொஞ்சம் நடுங்கியது, ஆறு வருஷத்தில் முதல்முறை. கேட்டேன். எழுதும்போது எழுத்து கோணியது. கேட்டேன், ஆனால் அதற்கு முன்னால் பார்த்தேன். நிமிர்ந்த தலையை மறுபடி குனிய மனம் வரவில்லை. இடதுபக்கம் மூன்றாவது வரிசையில் சாந்திபுரம் உட்கார்ந்திருக்கிறது, இதுவரை அந்தப் பக்கம் பார்க்காமலே தப்பித்துக்கொண்டிருந்தேன். எப்சிபா மஞ்சள் சேலையில், முதல் நாற்காலியில், கையை மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று. பிரியாணி வாசனை வர ஆரம்பித்துவிட்டது, பின்வரிசைகளில் சலசலப்பு, யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கு மட்டும் இந்தப் பட்டியல் ஐந்நூறு வரைக்கும் போகக்கூடாதா என்று இருக்கிறது. புரியாவிட்டால் என்ன செய்வேன்? பதில் இல்லை என்று எழுதவேண்டும், சத்தியம் செய்திருக்கிறேன். எழுதினால் இரண்டு வருஷம் ஆகிவிடும், அடுத்த வருஷம் பட்டியலில் எழுபது கிளைதான், கொடியை மடித்து பாக்கியசிங் அண்ணனிடம் கொடுக்கவேண்டும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் எப்சிபாவாகத்தான் இருப்பாள். ஏதாவது ஒரு பதிலை நானே ஜோடித்துச் சொல்லிவிட்டால்? நாங்களும் இருக்கிறோம் என்று சொன்னால் யாருக்குத் தெரியும், பந்தலில் யாருக்குத்தான் அந்தக் கை தெரியும், கைதட்டுவார்கள், அழுவார்கள், பேராயர் வந்து கட்டிப்பிடிப்பார். அந்த இருபத்துநாலு பேருக்குத் தெரியும், அவர்கள் உதட்டைப் படிக்கிறவர்கள். ஐம்பத்தைந்து. கேட்டேன். ஐம்பத்தாறு. பேனா வழுக்குகிறது, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழு, ஆலடிக்குளம். நிழல் தருவோம், வாருங்கள். நிழல் தருவோம், வாருங்கள். கேட்டேன். எ.ஞா. இதற்கு அடுத்த கட்டம் வெள்ளையாக இருக்கிறது.

மைக்கில் கூப்பிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் தோன்றியது, யாரைக் கூப்பிடுகிறேன், அவர்களுக்கே கேட்காத குரலில் யாருக்காகக் கூப்பிடுகிறேன். பதினொரு வருஷமாக இந்தக் கிளையை இந்த மேடை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பதிவேட்டை மேசையில் விட்டுவிட்டு மேடை விளிம்புக்குப் போனேன். பின்னால் பாக்கியசிங் அண்ணன், "தம்பி, மைக்கு" என்றார். வலது முழங்கையை இடது உள்ளங்கையில் நிறுத்தி விரல்களை விரித்து அசைத்தேன். வேப்பமரம். சாந்திபுரம். இருபத்துநாலு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள், யாரும் யாரையும் இடிக்கவில்லை. பந்தலில் சலசலப்பு அடங்கிவிட்டது, மின்விசிறிச் சத்தம் மட்டும், போன வருஷத்து அதே சத்தம். எப்சிபா கையைத் தூக்கினாள், நாற்பத்தெட்டு கைகளும் மேலே போயின, ஏதோ வந்தது, போனது, நெஞ்சில் விழுந்தது, முடிந்துவிட்டது. கடைசியாக வந்தது வருவது, அது தெரிந்தது. முதலில் மேலே போனது எது, தோளுக்குப் பின்னால் போனது எது, அதற்குள் முடித்துவிட்டார்கள். பாதி தெரிந்தது. அவர்கள் கைகளை இறக்கி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கழுத்து தலையாட்டத் தயாராக இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து பழகிய கழுத்து. எப்சிபா என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டவில்லை. இரண்டாயிரம் பேருக்கு முன்னால், பேராயருக்கு முன்னால், ஆறு வருஷமாக ஒருவரையும் இரண்டாம் முறை சொல்லச் சொல்லாத நான், ஒரு விரலைச் சுற்றிக் காட்டினேன். மறுபடியும். எனக்குப் புரியவில்லை.

அவள் முகம் மலர்ந்தது. அந்த பஸ்ஸில் நான் பொய்யாகத் தலையாட்டியபோது மலர்ந்ததே, அதே மாதிரி. மறுபடியும் கைகள் எழுந்தன, அதே வேகம்தான், எனக்காகக் கொஞ்சமும் குறைக்கவில்லை, குறைத்தால் எப்சிபா இல்லை. தலைக்கு மேலே நட்சத்திரம், வருஷம். கை தோளுக்குப் பின்னால் போயிற்று, முடிந்தது, போனது, போன வருஷம். அந்த ஒரு சைகையை இந்த வருஷம் முழுக்கச் சண்டை போடும்போதெல்லாம் என் மூக்குக்கு நேராகக் காட்டியிருக்கிறாள், அதையா விட்டேன். விரல் வட்டமாகச் சுற்றியது, நாங்கள். கை தூரத்திலிருந்து நெஞ்சுக்கு வந்தது, வந்தோம். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. திருத்தம். அடுத்த இதழில் திருத்தம் போடுவோம் என்றாளே. அழிக்க முடியாததை அவள் அழிக்கச் சொல்லவில்லை, ஒரு வருஷம் காத்திருந்து, ஐந்து வார்த்தைக்குள் அடக்கி, என் கையாலேயே எழுத வைத்து, பேராயர் கையெழுத்தும் விழப்போகிற பக்கத்தில். யார் வீட்டுப் பிள்ளை இவள். என் தங்கச்சி. மைக்குக்கு நடந்து வந்தேன், நாலு விரற்கடை தூரத்தில் நிற்கவில்லை, அவர்களுக்கு என் உதடு தெரியும்படி பக்கவாட்டில் நின்றேன். சாந்திபுரம், என்றேன். போன வருஷமும் வந்திருந்தோம். குரலில் வித்தை ஒன்றும் செய்யவில்லை. போன வருஷம் பதில் இல்லை என்று சொன்ன அதே குரல் என்பது பந்தலுக்கு ஒவ்வொரு வரிசையாகப் புரிவதை நின்று பார்த்தேன், பார்க்கவேண்டியதுதான், குனியவில்லை. பாக்கியசிங் அண்ணன் மெதுவாக, "என்ன தம்பி இது" என்றார். "அவங்க பதில் அண்ணே" என்றேன்.

எழுதினேன். சாந்திபுரம், போன வருஷமும் வந்திருந்தோம். பக்கத்துக் கட்டத்தில் கேட்டேன். எட்வின் ஞானதுரை என்று முழுசாக எழுதினேன், கட்டம் பத்தவில்லை, கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. நிமிர்ந்தபோது எப்சிபா இன்னும் உட்காரவில்லை. மற்ற இருபத்துமூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், அவள் மட்டும் நின்றுகொண்டு உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துத் தலையைக் குனிந்தாள். தாள் பார்க்கிறவன். பெயரை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டாள். இரண்டாயிரம் பேருக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டுவிட்டு, கையை இறக்கி, என் பதிலுக்காக நின்றாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். கையைத் தூரத்திலிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். வந்திருக்கிறேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, இடது உள்ளங்கையைப் பதிவேடாக்கி, விரலால் ஒரு கட்டத்தில் எழுதிச் சுழிக்கிற மாதிரிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்தொன்பது, கீழமுடுக்கு.